வீட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதி: நிரலாக்கம் பழகுவோருக்கு ஒரு முதல் முயற்சி

கதிரை, யன்னல், அலுமாரி, பாண், சப்பாத்து. இலங்கைத் தமிழர் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இச்சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பும் அப்படியே. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். இவற்றுள் சில இன்று முதியவர்களின் பேச்சில்தான் அதிகம் கேட்கின்றன.

நிரலாக்கம் பழகத் தொடங்குவோருக்கு வழமையாகக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று அகராதிச் செயலி. ஆங்கிலத்தில் செய்வோர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அகராதிச் சேவையிடம் சொல்லை அனுப்பி, வரும் பொருளைத் திரையில் காட்டுவார்கள். நமது ஊர்ச் சொற்களுக்கு என்றால் தரவை நாமே ஆக்க வேண்டும். ஐம்பது சொற்கள் போதும்.

தரவும் பக்கமும்

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விடயங்களைப் பதிவுசெய்யுங்கள்: சொல், பொருள், எந்த மொழியிலிருந்து வந்தது, ஓர் எடுத்துக்காட்டு வசனம். இவற்றை ஜேசன் வடிவில் ஒரு பட்டியலாக எழுதலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல் கையில் இருந்தால், முதலில் அதை யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் திரையில் தெரிவது தமிழானாலும் கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளையே.

பக்கத்துக்கு ஒரு தேடல் பெட்டி, ஒரு பொத்தான், விடை தோன்ற ஓர் இடம் ஆகிய மூன்றும் போதும். எச்டிஎம்எல் இவற்றை அமைக்கும், சிஎஸ்எஸ் அழகுபடுத்தும், தேடும் வேலையை ஜாவாஸ்கிரிப்ட் செய்யும். பலர் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தரவைத் தனி ஜேசன் கோப்பாக வைத்து, பக்கத்தை இரட்டைச் சொடுக்கால் திறந்தால், பாதுகாப்புக் காரணத்தால் உலாவி அக்கோப்பை வாசிக்க விடாது. தொடக்கத்தில் தரவை ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே ஒரு மாறியாக வைப்பது இலகு.

இருக்கும் சொல்லுக்கு ‘இல்லை’ என்ற பதில்

ஆங்கிலப் பயிற்சி கற்றுத்தராத பகுதி இனித்தான் வருகிறது. தோம்பு என்ற சொல்லின் முதலெழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘த’ வுடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் குறியையும் அரவையும் தனித்தனியே சேர்ப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு. பட்டியலில் ஒரு விதமாகவும் தேடல் பெட்டியில் மறு விதமாகவும் இருந்தால், இருக்கும் சொல்லையே செயலி இல்லை என்று சொல்லிவிடும். தேடியவர் அதை நம்பிவிட்டுப் போய்விடுவார்.

இதற்குத் தீர்வு ஜாவாஸ்கிரிப்டிலேயே உண்டு. ‘நோமலைஸ்’ என்னும் செயற்கூறு இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும். பட்டியலிலுள்ள சொல், தேடும் சொல் ஆகிய இரண்டையும் அதனூடாக அனுப்பிய பின்னரே ஒப்பிட வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களையும் அப்போதே நீக்கிவிடுங்கள். ஆனால் ‘பௌத்தம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ‘ள’ வும் தட்டச்சிடப்பட்டிருந்தால் இச்செயற்கூறு உதவாது. அதை நாமே தேடித் திருத்த வேண்டும்.

எழுத்து எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. கோப்பி என்பது நமக்கு மூன்று எழுத்து; ஜாவாஸ்கிரிப்டுக்கு ஆறு. முதலெழுத்தைக் கேட்டால் ‘கோ’ வராது, ‘க’ தான் வரும். எழுத்துவாரியாகத் தலைப்பிட விரும்பினால் ‘இன்டெல் செக்மென்டர்’ என்ற வசதி சொல்லைச் சரியாகப் பிரித்துத் தரும்.

அகரவரிசையும் தானாக அமையாது. யுனிகோட் எண்வரிசையில் ‘ற’ வுக்குப் பின்னரே ‘ல’ வருவதால், கல்லுக்கு முன் கறி வந்துவிடும். ‘லோக்கேல் கம்பேர்’ என்ற கட்டளைக்குத் தமிழ் மொழிக்குறியைக் கொடுத்தால் கல் முந்திக்கொள்ளும்.

வெளியிடல்

முடித்த செயலியைக் கிட்ஹப் பேஜஸ் மூலம் இலவசமாக இணையத்தில் ஏற்றலாம். அதற்கு முன் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் தொலைபேசியில் அதைத் திறந்து, அவரையே தேடச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் பிழை தேடலில் உள்ளதா, சொல்லே பட்டியலில் இல்லையா என்று பாருங்கள். தேடல் பிழையென்றால் நிரலைத் திருத்துங்கள். சொல் இல்லையென்றால் பொருளை அவரிடமே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1842 இல் யாழ்ப்பாண அகராதி வெளிவர ஓர் அச்சகம் வேண்டியிருந்தது. இன்று ஐம்பது சொற்களைக் காப்பாற்ற ஒரு கணினியும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.