ஜங்கிள் கார்பைன்

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பிரிட்டன் உருவாக்கிய குட்டை ரைஃபிள். ராணுவப் பதிவேடுகளில் இதன் பெயர் ‘ரைஃபிள் எண் 5 மார்க் 1’. காலாட்படையின் வழக்கமான ஆயுதமான லீ-என்ஃபீல்டு எண் 4-ஐக் குறுக்கியும் இளைக்க வைத்தும் இது செய்யப்பட்டது.

எண் 4 ஏறத்தாழ 113 செ.மீ. நீளமும் 4 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்டது. புதரும் கொடியும் பின்னிய காட்டில் அதைத் தூக்கி நடப்பது பெரும்பாடு. பாராசூட் படையினருக்கும் அதன் நீளம் இடைஞ்சல். ஆகவே குழலை வெட்டினார்கள், முன்பக்க மரத்தைப் பாதியாக்கினார்கள், உலோகப் பாகங்களிலும் ஆங்காங்கே சுரண்டி எடுத்தார்கள். நீளம் சுமார் 100 செ.மீ.க்கும், எடை 3.2 கிலோ அளவுக்கும் இறங்கின. தோட்டா மட்டும் மாறவில்லை, அதே .303, அதே பத்துத் தோட்டா மேகசின்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. குட்டைக் குழலின் வாயில் தீச்சுடர் பெரிதாகப் பளிச்சிடும். இருட்டில் சுடுபவனின் இடத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்கப் புனல் வடிவ மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். எடை குறைந்ததால் பின்னுதைப்பு கடுமையானது. அதற்காகக் கட்டையின் முனையில் வைத்த ரப்பர் பட்டை அகலம் குறைவாக இருந்தது. நாளடைவில் இறுகியும் போனது. தோளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

பர்மிங்ஹாம் அருகே ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலையிலும், லிவர்பூல் பக்கம் ஃபசாகர்லி அரசு ஆலையிலும் 1944-இல் உற்பத்தி தொடங்கியது. மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் துப்பாக்கிகள் வெளிவந்தன. பர்மா போர் முடியும் தறுவாயில்தான் இது களத்துக்கு வந்தது. போர் ஓய்ந்த நார்வேக்கு 1945-இல் சென்ற பிரிட்டிஷ் பாராசூட் படைப் பிரிவினரின் கைகளிலும் இது இருந்தது.

இதற்கு உண்மையான போர்க்களமாக அமைந்தது மலாயா. 1948 ஜூனில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டதையடுத்து அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் ரோந்து சென்ற படையினரும் போலீசாரும் இந்தத் துப்பாக்கியைச் சுமந்தார்கள். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போதும் இது பயன்பட்டது.

ஆனால் மலாயாச் சண்டை தொடங்கும் முன்பே, 1947-இல், இதன் உற்பத்தி நின்றுவிட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது ‘குறி அலைகிறது’ என்ற புகார்: ஒருமுறை சரிசெய்த குறி, பிறகு சுடும்போது வேறிடத்துக்கு நகர்ந்துவிடுகிறதாம். உலோகத்தைக் குறைத்ததால் வந்த நெகிழ்ச்சியே காரணம் என்றார்கள் சிலர். தானியங்கி ரைஃபிளுக்கு மாற விரும்பிய ராணுவத்துக்கு இது வசதியான சாக்கு என்பது வேறு சிலரின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எப்படியானாலும், காட்டுக்குள் பெரும்பாலும் சில பத்து மீட்டர் தொலைவிலேயே மோதல் நிகழ்ந்தது. இலக்குப் பலகைமுன் பெரிதாகத் தெரிந்த அந்தப் பிழை அங்கே அவ்வளவாக உறுத்தியிருக்காது.

‘ஜங்கிள் கார்பைன்’ என்பது ராணுவம் சூட்டிய அதிகாரப் பெயர் அல்ல. அதைப் பரப்பியதில் போருக்குப் பிந்தைய அமெரிக்கத் துப்பாக்கி வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் நிறுவனம் பழைய லீ-என்ஃபீல்டுகளைக் குறுக்கி, இதே பெயரில் விற்றது. சேகரிப்பாளர்கள் அசலைக் கண்டுகொள்வது உலோகத்தை வைத்துத்தான்: எடை குறைக்கக் குழலின் அடிப்பகுதியில் கடைந்தெடுத்த பள்ளங்கள் அசலில் இருக்கும், வெறுமனே குறுக்கி விற்றவற்றில் இருக்காது.