குதிரைப் பந்தயத் துறையில் சட்டப்பணி: தனிச் சட்டம் இல்லை, வழக்குகள் ஏராளம்

இந்தியாவில் குதிரைப் பந்தயத்திற்கென மத்திய அளவில் தனிச் சட்டம் கிடையாது. பணையமும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளதால், மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் எனப் பந்தயம் நடைபெறும் ஒவ்வொரு நகரிலும் அந்தந்த மாநிலத்தின் உரிமச் சட்டமே பொருந்துகிறது. ஆகவே, இத்துறையில் வழக்குரைஞராக விரும்புவோர் 'பந்தயச் சட்டம்' என்று தனியே ஒரு பாடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலம், வரி, தொழிலாளர், ஒப்பந்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஆழ்ந்த பயிற்சி பெற்றவருக்கே இங்கு வேலை இருக்கிறது.

இத்துறையின் சட்ட அடித்தளம் உச்சநீதிமன்றத்தின் ஒரே தீர்ப்பின் மீது நிற்கிறது. குதிரைப் பந்தயப் பணையத்தைச் சூதாட்டச் சட்டங்களின் வரம்புக்குள் கொண்டுவரும் வகையில் தமிழக அரசு 1974-இல் சட்டம் இயற்றியது. தொடர்ந்து, மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த 1986-இல் மற்றொரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. இவற்றை எதிர்த்து டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில், 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சாவளி, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை எடைபோட்டே வெற்றி கணிக்கப்படுகிறது என்பதால், குதிரைப் பந்தயம் பெருமளவு திறனைச் சார்ந்த விளையாட்டு என்று நீதிமன்றம் கூறியது. கையகப்படுத்தும் சட்டமும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. பின்னாளில் ஆன்லைன் விளையாட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் பலவற்றிலும் இத்தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டது. இத்துறைக்கு வருவோர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்; சுருக்கத்தை அல்ல, முழுத் தீர்ப்பையும்.

ஆனால், இத்தீர்ப்பைப் பலரும் அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துப் பொருள் கொள்கின்றனர். உரிமம் பெற்ற திடலில் நடைபெறும் பணையத்திற்கே அது துணை நிற்கும். உரிமமின்றி வெளியே பணம் வாங்கும் புக்கிக்கு அது அரணாகாது. புதிதாக வரும் கட்சிக்காரருக்கு இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே விளக்கிவிடுவது வழக்குரைஞருக்கும் நல்லது.

அண்மைக்காலத்தில் மிகப் பெரிய வழக்குகள் நிலத்தைச் சுற்றியே எழுகின்றன. மும்பை மகாலட்சுமி திடலின் 99 ஆண்டு குத்தகை 2013-இல் முடிவடைந்தது. நீண்ட இழுபறிக்குப் பின், ஏறத்தாழ 211 ஏக்கரில் 120 ஏக்கரை மாநகராட்சிப் பூங்காவுக்கு ஒதுக்கி, எஞ்சியதைப் பந்தய மன்றத்திற்கு மீண்டும் குத்தகைக்கு விட 2024-இல் முடிவானது. சென்னை கிண்டியில் நிலைமை இன்னும் கடுமையானது. ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகையில் 1946-ஆம் ஆண்டு வழங்கப்பட்ட சுமார் 160 ஏக்கர் குத்தகையை, ரூ.730.86 கோடி வாடகைப் பாக்கி குறித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. நகரின் நடுவே உள்ள பசுந்திடல் யாருக்கு என்ற இந்த வழக்குகளில் பந்தய மன்றத்தின் சார்பில் மட்டுமன்றி, அரசுத் தரப்பிலும் மாநகராட்சித் தரப்பிலும் சட்டப்பணி உண்டு.

வரித்துறையில் நிலவரம் வேகமாக மாறி வருகிறது. டோட்டலைசேட்டர் நடத்தும் மன்றம் தனது கமிஷன் தொகைக்கு மட்டுமே ஜிஎஸ்டி செலுத்த வேண்டும் எனக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் பணையத்தின் முழுத் தொகைக்கும் 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. வெற்றித் தொகை மீதான வருமான வரி 30 சதவீதம். பந்தயக் குதிரை வளர்ப்பில் ஏற்படும் நஷ்டத்தை அதே இனத்தின் வருமானத்தில் மட்டுமே, அதுவும் நான்கு ஆண்டுகள் வரையே ஈடுகட்ட முடியும் என்பது குதிரை உரிமையாளர்கள் பலரும் தாமதமாகவே அறியும் செய்தி.

இத்துறைக்கே உரிய பணி என்று சொல்லத்தக்கது ஸ்டூவர்டுகளின் விசாரணை. குதிரையின் சிறுநீர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டறியப்பட்டாலோ, குதிரையை அதன் முழுத்திறனில் ஓடவிடவில்லை என்று ஜாக்கி மீது குற்றச்சாட்டு எழுந்தாலோ, மன்றத்தின் விதிகளின்படி ஸ்டூவர்டுகள் விசாரித்து உரிமத்தை இடைநிறுத்துவர். அந்த அறைக்குள் வழக்குரைஞர் வாதிட இடமில்லாமல் போகலாம். எனவே ஆய்வக அறிக்கை, பந்தயக் காணொலி, இரண்டாவது மாதிரியின் முடிவு ஆகியவற்றை முன்கூட்டியே கோரிப் பெற்று, கட்சிக்காரரை ஆயத்தப்படுத்துவதே முக்கியப் பணி. அடுத்த கட்டம் மேல்முறையீடு. அதன் பிறகே நீதிமன்றம். தனியார் அமைப்பின் மீது ரிட் மனு ஏற்கத்தக்கதா என்ற ஆட்சேபம் அங்கே முதலில் எழும். சங்கங்கள் தம் உறுப்பினர் மீது நடவடிக்கை எடுக்கையில் தம் விதிகளையும் இயற்கை நீதியையும் பின்பற்ற வேண்டும் என, 1963-இல் டி.பி. தாவர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது இங்கு கைகொடுக்கும். மூன்று மாதத் தடை காகிதத்தில் சிறிதாகத் தோன்றலாம்; ஒரு ஜாக்கிக்கு அது அந்தப் பருவத்தின் வருமானம் முழுவதும். இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால நிவாரணமே அவருக்கு முக்கியம்.

வசதி படைத்தோரின் விளையாட்டு எனக் கருதப்படும் இத்துறையில் வலுவிழந்து நிற்போர் லாயப் பணியாளர்களே. பந்தய மன்றங்களுக்கும் இஎஸ்ஐ சட்டம் பொருந்தும் என உச்சநீதிமன்றம் 2014-இல் கூறியது. ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் வழக்கில், பந்தய நாள்களில் மட்டும் அமர்த்தப்படும் தற்காலிகப் பணியாளர்களுக்கும் அது பொருந்தும் என 2016-இல் தெளிவுபடுத்தப்பட்டது. ஆனால், குதிரையைப் பராமரிக்கும் சைஸ்கள் பெரும்பாலும் பயிற்சியாளரிடம் ஊதியம் பெறுபவர்கள். திடல் மூடப்பட்டால் அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டியவர் மன்றமா, பயிற்சியாளரா என்பது எளிதில் தீராத கேள்வி. கட்டணம் குறைவு, பணியின் தேவை அதிகம்.

கல்வித் தகுதி பிற வழக்குரைஞர்களுக்கு உரியதே: மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு சட்டப் பட்டம், மாநில பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி. பதிவுக் கட்டணம் சட்டத்தில் கூறிய ரூ.750-ஐ (எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு ரூ.125) மீறக்கூடாது என உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டுள்ளது. விலங்கு நலச் சட்டத்தில் நாட்டமுள்ளோர்க்கு, பந்தய நகரான ஹைதராபாதிலேயே நல்சார் பல்கலைக்கழகத்தின் விலங்குச் சட்ட மையம் உள்ளது.

தொழில் நெறியில் இரண்டு எச்சரிக்கைகள். மன்றத்தில் மாத ஊதியத்திற்குச் சட்ட அலுவலராகச் சேர்பவர் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வழக்குரைஞர் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். மற்றொன்று, கட்டணத்திற்குப் பதிலாகப் பரிசுத் தொகையில் பங்கு தருவதாகச் சொல்லும் கட்சிக்காரர். வழக்கின் முடிவைச் சார்ந்த கட்டணத்தையும், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பெறுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. குதிரை வெல்லும் என்று வழக்குரைஞருக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் சரி.