அம்மா ஒரு உளவாளி!

வரலாறு என்றாலே ராஜாக்களும் போர்களும்தான் என்று பாடப்புத்தகங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் சில வரலாறுகள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பிலிஸ் லத்தூர் என்ற பெண்மணியின் கதை அப்படிப்பட்டது.

1921-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். 1941-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். பிரெஞ்சு மொழி நன்றாகத் தெரியும் என்பதால் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசிய அமைப்பு அவரை உளவு வேலைக்கு எடுத்துக்கொண்டது.

1944 மே 1. ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பாராசூட்டில் குதித்தார். வயது 23. ஊராருக்கோ அவர் சோப்பு விற்கும் 14 வயதுச் சிறுமி! சைக்கிளில் சுற்றுவார், ஜெர்மன் சிப்பாய்களிடம் வாயாடுவார், கிடைத்த தகவலை வானொலிக் கருவியில் லண்டனுக்கு அனுப்புவார். சங்கேதக் குறியீடுகள் அச்சிட்ட பட்டுத் துணியை ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகி வைத்திருந்தார். ஒருமுறை சோதனையில் அந்த நாடாவின் மேல் சந்தேகம் வந்தது. சட்டென்று அவிழ்த்து முடியை விரித்துக் காட்டினாராம். விட்டுவிட்டார்கள்! இப்படி அவர் அனுப்பிய செய்திகள் மொத்தம் 135.

போர் முடிந்தது. திருமணம், நான்கு பிள்ளைகள், கடைசியில் நியூசிலாந்தில் வாழ்க்கை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் மூத்த மகன் இணையத்தில் படித்துத்தான் தன் அம்மா யார் என்று தெரிந்துகொண்டார்!

ஏன் இந்த மௌனம்? ரகசியம் காக்கும் பழக்கம் மட்டும்தானா? பின்னாளில் அவர் அளித்த பேட்டி ஒன்று வேறொன்றையும் சொல்கிறது. அவர் அனுப்பிய தகவலை வைத்து நடந்த குண்டுவீச்சில் ஒரு ஜெர்மானியப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இறந்துபோனார்கள். குண்டு போட்ட விமானிகள் பறந்து போய்விட்டார்கள். கீழே இருந்து அந்த அழிவைப் பார்த்தவர் இவர். அதை அவரால் மறக்கவே முடியவில்லை.

2014-இல் பிரான்ஸ் தன் உயரிய லீஜியன் ஆஃப் ஹானர் விருதை அளித்தது. 2023 அக்டோபரில் 102-வது வயதில் காலமானார்.

பதக்கம் வீரத்தைத்தான் சொல்லும். அதற்குக் கொடுத்த விலையை அவரே வாய் திறந்து சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் எதையெதையோ மனதில் பூட்டி வைத்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்களேன்!