ஒத்தவாடைத் தெரு, மாமல்லபுரம்

ஒத்தவாடைத் தெரு என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மாமல்லபுரத்தில், கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் குறுகிய தெரு ஆகும். குறைந்த செலவில் பயணம் செய்யும் முதுகுப்பைப் பயணிகள் தங்கும் பகுதியாக இது அறியப்படுகிறது. இத்தெருவிலும் இதன் குறுக்குத் தெருவிலும் சிறு விடுதிகள், உணவகங்கள், கைவினைக் கடைகள் ஆகியவை அமைந்துள்ளன. இதையடுத்து மீனவர் குடியிருப்பு உள்ளது.

பெயர்

'வாடை' என்ற சொல்லுக்குத் தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை என்று பொருள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் வீடுகள் கொண்ட தெரு 'ஒற்றைவாடைத் தெரு' எனப்பட்டது. இதுவே பேச்சுவழக்கில் 'ஒத்தவாடை' என மருவியது. தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் இப்பெயரில் தெருக்கள் உள்ளன.

பின்னணி

பல்லவர் காலச் சின்னங்களான கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள், அருச்சுனன் தபசு முதலியவை 1984 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. இச்சின்னங்களைப் பெரும்பாலானோர் ஒரே பகலில் பார்த்துவிட்டுச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சென்றுவிடுகின்றனர். முதுகுப்பைப் பயணிகளோ பல நாட்கள் தங்குபவர்கள். ஒருவர் நாளொன்றுக்குச் செலவிடும் தொகை குறைவாக இருந்தாலும், அதில் பெரும்பங்கு அறை வாடகை, உணவு, மிதிவண்டி வாடகை, சலவை என அத்தெருவிலேயே தங்கிவிடுகிறது. பழைய நகர்ப்பகுதியில், கோயில்களுக்கு அருகே சிறு விடுதிகள் பெருகிய தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலும் இத்தகைய பொருளாதாரத்தைக் காணலாம்.

தங்குமிடங்கள்

இங்கு சில அறைகள் மட்டுமே கொண்ட, குடும்பங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் பல உள்ளன. மின்விசிறி அறைக்கும் குளிர்சாதன அறைக்கும் வாடகை வேறுபடும். டிசம்பர், சனவரி மாதங்களில் வாடகை உயரும். மாமல்லபுரம் நாட்டிய விழாவும் இக்காலத்திலேயே நடைபெறுவது வழக்கம்.

வெளிநாட்டவர் தங்கினால், அவ்விவரத்தை விடுதியாளர் 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நெடுங்காலம் 'படிவம் சி' என அறியப்பட்ட இக்கடமை, வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுபவருக்கும் உண்டு.

உணவகங்கள்

அன்றைய மீன், இறால், நண்டு ஆகியவற்றைத் தட்டில் காட்டி, வாடிக்கையாளர் தெரிவு செய்ததைச் சமைத்துத் தருவது இங்குள்ள உணவகங்களின் வழக்கம். விலை எடையைப் பொறுத்தது என்பதால், சமைக்கும் முன்பே எடையையும் விலையையும் கேட்டுக்கொள்வது நல்லது. இட்லி, தோசை, அளவுச் சாப்பாடு ஆகியவற்றுக்கு உள்ளூர் மக்கள் செல்லும் உணவகங்களில் செலவு குறைவு.

போக்குவரத்து

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்துகள் உள்ளன. மாமல்லபுரத்தில் தொடர்வண்டி நிலையம் இல்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பகுதிகளிலிருந்து வருவோர் புறநகர் வண்டியில் சென்னை சென்ட்ரல் வந்து, அருகிலுள்ள பூங்கா நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு மாறி, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். ஊருக்குள் நடந்தோ மிதிவண்டியிலோ சின்னங்களைக் காண இயலும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும்.

சிக்கல்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மாமல்லபுரக் கரையோரத்தில் படகுகளும் கடைகளும் சேதமடைந்தன. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் (1991, 2011, 2019) கரையை ஒட்டிய கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 2010 இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடைசெய்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கடலுக்கும் சின்னங்களுக்கும் இடைப்பட்ட இவ்வூரில், ஒரு மாடி எழுப்பி நான்கு அறை கூட்ட விரும்பும் குடும்பத்தை இவ்விதிகள் நேரடியாகப் பாதிக்கின்றன. சின்னங்களைக் காக்கும் அவ்விதிகள் இல்லையெனில் பயணிகள் வருவதற்கான காரணமே குறைந்துவிடும் என்பதும் உண்மை.

2021-22 நிதியாண்டில் 1,44,984 வெளிநாட்டவர் மாமல்லபுரச் சின்னங்களைக் கண்டதாக ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் பதிவு செய்தது. தாஜ்மகாலுக்கான எண்ணிக்கை 38,922 மட்டுமே. எனினும் வழமையான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. ஆகவே இதனைப் பிற ஆண்டுகளுக்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது.

இக்கடற்கரையில் நீரோட்டம் வலிமையானது. நீச்சல் அறிந்தவரும் ஆழத்திற்குச் செல்லாதிருத்தல் நலம்.

அலைச்சறுக்கு

அண்மைக் காலத்தில் மீனவ இளைஞர் பலர் அலைச்சறுக்குப் பயிற்றுநராகியுள்ளனர். 2025 ஆகத்து மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. நாட்கணக்கில் தங்கிப் பயிலும் இவ்விளையாட்டு, ஒத்தவாடைத் தெருவின் சிறு விடுதிகளுக்கு இந்திய இளைஞர்களையும் வாடிக்கையாளராக்கியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* மாமல்லபுரம்
* கடற்கரைக் கோயில்
* கிழக்குக் கடற்கரைச் சாலை