உயரமும் திசைத் திருப்பமும்

நான்கு சில்லுகளையுடைய வண்டியொன்று வளைவிலே திரும்புங்கால், அதன் முன்சில்லுகள் இரண்டும் ஒரே அளவாகத் திரும்புதல் பொருந்தாது. உட்புறச் சில்லு சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரு வட்டத்திலும் உருளுகின்றமையே இதற்குக் காரணமாகும். பழைய குதிரை வண்டிகளில் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓராணியைச் சுற்றியே திரும்பியது. கூர்மையாகத் திருப்பியவிடத்து வண்டியின் தாங்குதளம் குறுகியது. கவிழும் அபாயமும் மிகுந்தது.

இக்குறையை நீக்க ஆங்கில மருத்துவரான எராஸ்மஸ் டார்வின் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே முயன்றார். பின்னர், மியூனிக் நகரத்து வண்டி வினைஞரான லங்கென்ஸ்பேர்கர் என்பார், அச்சை அசையாது நிறுத்திச் சில்லுகளை மட்டும் தனித்தனி ஆணிகளிற் திருப்பும் முறையை வகுத்தார். அவர் சார்பில் 1818 இல் இங்கிலாந்திலே ஆக்கவுரிமை பெற்றவர் இலண்டனில் நூலும் ஓவியமும் விற்ற றுடோல்ப் அக்கர்மான் ஆவார். வகுத்தவர் பெயர் மறைய, உரிமை பெற்றவர் பெயரே அம்முறைக்கு நிலைத்தது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தும் இச்சிக்கல் எளிதிற் தீர்ந்திலது. காள் பென்ஸ் 1886 இல் ஆக்கவுரிமை பெற்ற வண்டி மூன்று சில்லுகளையே உடையது. 1893 இலேயே அவர் தனித்தனி ஆணிகளிற் திரும்பும் சில்லுகளை அமைத்து நான்கு சில்லு வண்டியை உருவாக்கினார். 1896 இல் பிரான்சியரான ஆர்தர் கிறெப்ஸ் மற்றொரு நுட்பத்தைச் சேர்த்தார். திருப்பும் ஆணியின் கோடு நிலத்தைத் தொடுமிடம் சில்லு நிலத்தைத் தொடுமிடத்துக்குச் சற்று முன்னே அமையின், சில்லு தானாகவே நேர்நிலைக்கு மீளும் என்பதே அது. துவிச்சக்கர வண்டியின் முன்கவட்டின் சாய்விலும் இவ்வியல்பைக் காணலாம்.

1941 இல் போர்க்களம் புகுந்த ஜீப்பும், 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவரும் கரடுமுரடான நிலத்துக்கெனவே ஆக்கப்பட்டவை. இத்தகைய வண்டிகளைப் பெற்றோர், பெரிய ரயர்களைப் பூட்டவும் பாறைகளைத் தாண்டவும் விரும்பி, வண்டியை மேலும் உயர்த்த முற்பட்டனர். அவ்வாறு உயர்த்துங்கால் முன்னோர் தேடிய ஒழுங்குகளுக்கு நேர்வது யாது?

1970 இல் வந்த றேஞ்ச் றோவரை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னச்சு ஒரே துண்டானது; அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் இரு கைகள் அதனை அடிச்சட்டத்தோடு பிணைக்கின்றன. இரு சில்லுகளையும் இணைக்குங் கோல் அச்சோடேயே இருத்தலின், அக்கர்மான் முறை பழுதுறுவதில்லை. ஆனால் கிறெப்ஸ் வகுத்த சாய்வு கெடுகின்றது. கை 1 மீற்றர் நீளமாயின், சட்டம் 10 சென்ரிமீற்றர் உயர அச்சு ஏறக்குறைய 6 பாகை முன்னோக்கிச் சுழலும். இயல்பான சாய்வே சில பாகைதான். ஆகவே அது முற்றும் அழியலாம், எதிர்ப்புறம் மாறவும் கூடும். அப்பொழுது சுக்கான் நேர்நிலைக்கு மீளாது. வேகத்தில் வண்டி அலைபாயும்.

இன்னுமொன்றுண்டு. சுக்கானின் விசையைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் இழுகோலும், அச்சைப் பக்கவாட்டில் அசையாது தாங்கும் பான்ஹார்ட் கோலும் ஒத்த நீளமும் ஒத்த சாய்வும் உடையனவாதல் வேண்டும். இழுகோலை மட்டும் தாழ்த்திக் கிடையாக்கி, மற்றையதைச் சரிந்தபடி விடின் நேர்வதைக் கணித்தறியலாம். இரண்டும் 1 மீற்றர் நீளமுடையன என்க. அச்சு மேலும் 5 சென்ரிமீற்றர் தாழுமிடத்து, கிடையான கோலின் முனை பக்கவாட்டில் 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகவே நகரும். 10 சென்ரிமீற்றர் ஏற்கெனவே சரிந்திருந்த கோலின் முனையோ 6 மில்லிமீற்றருக்கு மேல் நகரும். இவ்வேறுபாடே ஓட்டுநர் திருப்பாமலே பள்ளந்தோறும் சில்லைத் திருப்பிவிடுகின்றது. ஒரு குறையை மட்டும் திருத்துதல் மற்றொன்றை வளர்ப்பதாகும்.

ஆதலின் உயர்த்த விரும்புவோர் கைகளின் கோணத்தையும் இரு கோல்களையும் ஒருங்கே திருத்தல் வேண்டும். வில்லை மாற்றுதல் ஒருநாள் வேலை. அவ்வில்லின் மேல் நிற்பதோ பல தலைமுறையினர் தேடிய கணிதம். அதனை அறியாது உயர்த்தியவன் காட்டிற் பெற்ற ஆற்றலை நெடுஞ்சாலையில் உயிர்க்காப்புக்கு ஈடாகக் கொடுத்தவனாவான்.