தக்காண வல்லூறு வேட்டையில் முதல் பறவை

பழக்கிய வேட்டைப்பறவையைக் கையிலிருந்து பறக்கவிட்டுக் காடை, கவுதாரி முதலியவற்றைப் பிடிக்கும் கலை வல்லூறு வேட்டை. ஐதராபாத்தைச் சூழ்ந்த தக்காணப் பகுதியில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12-ஆம் நூற்றாண்டு நூலான ‘மானசோல்லாசம்’ இதை அரசர்க்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாக விவரிக்கிறது. விஜயநகரத்தை ஆண்ட மரபுகளுள் ஒன்றான சாளுவரின் பெயரே வேட்டைக்குப் பழக்கும் வல்லூற்றைக் குறிக்கும் சொல்தான். பிஜாப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராகிம் அடில் ஷா வல்லூறு ஏந்திக் குதிரையில் செல்லும் ஓவியம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது.

பாரசீகமும் உருதும் வழங்கிய இந்த வட்டாரத்தில் தொழிலின் சொற்களும் அந்த மொழிகளிலிருந்தே வந்தன. பறவையைப் பழக்குபவர் மீர்ஷிகார். அவர் பறவைகளை அவற்றின் கண்ணின் நிறத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்தார். கருங்கண் உடையவை ‘சியாஹ் சஷ்ம்’. இவை நீண்ட, கூரிய சிறகு கொண்ட ராஜாளி இனங்கள். திறந்த வெளியில் உயரே ஏறி, கீழ்நோக்கிப் பாய்ந்து அடிப்பவை. மஞ்சளோ செம்மஞ்சளோ ஆன கண் உடையவை ‘குலாப் சஷ்ம்’. குட்டைச் சிறகும் நீண்ட வாலும் கொண்ட இவை புதருக்கும் மரத்துக்கும் இடையே சிறிது தூரம் விரட்டிப் பிடிப்பவை. தொடக்கநிலையாளர் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு அழகும் பேரும் பிறகுதான். சுற்றியுள்ள நிலம் எப்படிப்பட்டது, அதில் என்ன இரை கிடைக்கும் என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. பாறையும் முட்புதரும் கவுதாரியும் நிறைந்த ஐதராபாத் புறவெளியில் விடை பெரும்பாலும் இரண்டாம் வகையின் பக்கமே சாய்ந்தது.

அந்த விடை சிக்ரா. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பறவையியலாளர் டி. சி. ஜெர்டன் 1862-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் இதன் தமிழ்ப் பெயரைச் சின்ன வல்லூறு என்று பதிந்திருக்கிறார். தோப்பு இருக்கும் இடமெல்லாம் காணப்படுவதால் இது மலிவாகக் கிடைத்தது. பத்து நாள் அளவிலேயே கைக்குப் பழகிவிடும். உருவத்துக்கு மீறிய துணிச்சலும் உண்டு. காக்கையையும் கவுதாரியையும்கூடப் பற்றும். கழுத்தில் ‘ஹல்ஸ்பந்த்’ என்னும் பட்டுக்கயிறு அணிவித்து, பறவையை உள்ளங்கையில் பிடித்து, இரை எழுந்ததும் ஈட்டிபோல் வீசிவிடுவார்கள். வசதி படைத்தோர் வீட்டில் விலையுயர்ந்த ராஜாளிகளுக்கு அன்றாட இறைச்சி பிடித்துத் தரும் வேலையும் சிக்ராவுக்கே வாய்த்தது. பெருமை முழுவதும் ராஜாளிக்கு, உழைப்பு இதற்கு.

ஆனால் எளிதில் பழகும் பறவை எளிதில் பிழைக்கும் பறவை அல்ல. சிக்ராவின் எடை கால் கிலோவை எட்டுவதே அரிது. வேட்டைப்பறவை கைக்குத் திரும்பி வருவது அன்பால் அல்ல, பசியால். எனவே அதைச் சற்றே பசித்த நிலையில் வைத்திருப்பதுதான் பழக்கும் கலையின் மையம். பெரிய பறவையிடம் இந்தக் கணக்கு சிறிது தவறினாலும் தாங்கும். சிக்ரா அளவுள்ள பறவை ஒரு நாள் தவறினாலே துவண்டுவிடும். முன்னாளில் மீர்ஷிகார் நெஞ்செலும்பை விரலால் தடவிச் சதையின் அளவை அறிந்தார். இன்று உலகெங்கும் நாள்தோறும் தராசில் நிறுக்கிறார்கள். தக்காணத்தில் சிக்ரா முதல் பறவையானதற்கு அருகில் அனுபவசாலி இருந்ததும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும். தனியே கற்பவருக்கு இதே பறவை பொருந்தாது.

கருங்கண் இனங்களில் சிறியது துருமுத்தி என்னும் செந்தலை வல்லூறு. இதை முக்கியமாகப் பனங்காடையின் மேல் ஏவினார்கள். குட்டிக்கரணமிட்டுத் தப்பும் இரையைத் துரத்துவதே அந்த வேட்டையின் சுவை. அந்த இரை, பாலபிட்ட என்ற பெயரில் இன்று தெலங்கானாவின் மாநிலப் பறவை. தசரா நாளில் அதைக் காண்பது நற்சகுனம். அடுத்தது லக்கர். பொறுமையான குணமும் நடுத்தர உடலும் கொண்ட இது காக்கையைத் துரத்த ஏற்றது; ராஜாளி வகையில் தொடங்க விரும்புபவருக்குப் பொருத்தமானது.

ராஜாளிகளிலேயே ஷாஹீனும் பஹ்ரியும் கைதேர்ந்தோர்க்குரியவை. கிழக்குக் கடற்கரையிலும் வட சர்க்கார் பகுதியிலும் பிடிபட்ட ஷாஹீன்கள் ஐதராபாத்துக்கு விற்பனைக்கு வந்ததாக ஜெர்டன் எழுதுகிறார். பிடிக்கும் கருவியின் பெயர் ‘ஈர்வான்’. ராஜாளியின் சிறகு விரிவளவு நீளமுள்ள மெல்லிய பிரம்பின் இரு முனைகளிலும் பசை தடவி, நடுவே ஒரு புறாவைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். புறாவைத் தூக்கிச் செல்ல முயலும் ராஜாளியின் சிறகு நுனி பசையில் ஒட்ட, அது தரையில் விழும். மஞ்சள் கண் வகையில், மலைநாட்டிலிருந்து வரும் பாஸ் என்னும் பெரிய வல்லூறு புகழில் முதன்மையானது. தக்காண வெயிலில் அதைக் காப்பாற்றுவதே தனி வேலை.

இனத்தை முடிவு செய்தபின் பாலும் வயதும் பார்க்கப்படும். வேட்டைப்பறவைகளில் பெண்ணே பெரியது. வேறுபாடு அவ்வளவு தெளிவு என்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள்: பாஸின் ஆண் ஜுர்ரா, லக்கரின் ஆண் ஜக்கர், ஷாஹீனின் ஆண் கோஹேலா. வயதில், கூட்டிலிருந்து எடுத்த குஞ்சு மனிதருக்கு அஞ்சாது. அதனாலேயே ஓயாமல் கத்தும், வேட்டையும் அறியாது. முதிர்ந்த ‘தரினக்’ வேட்டையில் தேர்ந்தது, ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் பறந்தே போய்விடும். தானே இரை தேடக் கற்று, ஓராண்டு நிறையாத ‘சூஸ்’ இரண்டுக்கும் இடைப்பட்டது; புதியவருக்கு அதுவே நல்லது. வாங்கும்போது வால் இறகு ஒடியாதிருக்கிறதா, பாதத்தில் வீக்கம் உண்டா, எச்சம் வெண்மையும் கருமையுமாகத் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பார்கள்.

அமெரிக்க விதிகளும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன. அங்கே புதியவர் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டாண்டு பயில வேண்டும். வழக்கமான முதல் பறவை, காட்டில் பிடித்த ஓராண்டுக்குட்பட்ட செவ்வால் பருந்து. அதன் எடை ஒரு கிலோ அளவில் இருப்பதால் சிறு பிழைகளைத் தாங்கும். பிரிட்டனில் பண்ணையில் பிறந்த ஹாரிஸ் பருந்து பெரிதும் விரும்பப்படுகிறது. கூட்டமாக வேட்டையாடும் இயல்புடையதால் அது மனிதத் துணையையும் எளிதில் ஏற்கிறது.

ஐதராபாத்தில் 1949-இல் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டபோது இக்கலையை ஆதரித்த வகுப்பின் வருவாய் போயிற்று. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முற்றாக முடித்தது. சிக்ரா முதல் ஷாஹீன் வரை எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கடும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு இனத்தை முறைப்படி பதிந்து வைத்திருந்தாலும், அதை ஏவக்கூடிய காட்டுக் கவுதாரியும் பாதுகாக்கப்பட்டதே. வல்லூறு வேட்டையை யுனெஸ்கோ 2010-இல் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பின்னர் 2016-இல் பாகிஸ்தானும் அதில் சேர்ந்தது. இந்தியா அந்த நாடுகளில் இல்லை.

ஆகவே ஐதராபாத்வாசி ஒருவர் இக்கலையைச் சட்டப்படி கற்க வேண்டுமானால் வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டும். உள்ளூரில் எஞ்சியிருப்பது அதன் கைத்திறன் மட்டும். பட்டத்தின் மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு விழும் பருந்தையும் சிக்ராவையும் கண்டவர் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். காயம் ஆறியபின் அவற்றின் காலில் நீளக் கயிறு கட்டி, தூரத்தை நாள்தோறும் சிறிது கூட்டிப் பறக்கவிட்டுச் சிறகுக்கு வலுவேற்றும் முறை, மீர்ஷிகார் புதுப் பறவையைப் பழக்கிய அதே முறைதான்.