வாய் இறுக்க நோய்

வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி, கன்னமும் அண்ணமும் விறைத்து, நாளடைவில் வாயைத் திறப்பதே சிரமமாகிவிடும் நாட்பட்ட நோய். மருத்துவப் பெயர் ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். பல் மருத்துவர்கள் பேச்சில் ஓ.எஸ்.எம்.எஃப். வாய்ப் புற்றாக மாறும் வாய்ப்புள்ள நிலைகளில் ஒன்று. தெற்காசியாவிலும், தெற்காசியர் குடியேறிய நாடுகளிலும், தைவானிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-இல் இதை விவரித்தவர் ஷ்வார்ட்ஸ். அடுத்த ஆண்டே பம்பாயில் எஸ்.ஜி. ஜோஷி இதைப் பற்றி எழுதினார். இன்றும் பாடநூல்களில் இடம்பெறும் வரையறை, டென்மார்க்கின் பின்போர்கும் பம்பாய்ப் புற்றுநோய் ஆய்வாளர் சத்யவதி சிர்சாட்டும் 1966-இல் தந்தது. தொடக்க காலத்தில் மிளகாய்க் காரத்தின் மீதும் சத்துக்குறைவின் மீதும் சந்தேகம் விழுந்தது. குற்றவாளி பாக்குதான் என்பது பின்னர் உறுதியாயிற்று. புகையிலை சேர்க்காமல் பாக்கு மெல்லும் தைவானியருக்கும் இந்நோய் வருவது அதற்கு வலுவான சான்று.

பாக்கிலுள்ள அரிக்கோலின், நார்த்திசுவை உண்டாக்கும் செல்களைத் தூண்டி கொலாஜனைப் பெருக்குகிறது. டானின் அந்தக் கொலாஜன் எளிதில் சிதையாதபடி காக்கிறது. பாக்கில் தாமிரமும் அதிகம். அது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலையைக் கூட்ட, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. ஆக, கொலாஜன் உற்பத்தி கூடுகிறது, சிதைவு குறைகிறது. வெற்றிலையோடு போடுபவர்களைவிடப் பான் மசாலா, குட்கா, மாவா மெல்லுபவர்களுக்கு நோய் வேகமாக வருகிறது. பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் உலர்ந்த பாக்கு, வெற்றிலை கிடையாது.

"புகையிலை போடுறதில்ல டாக்டர், வெறும் பாக்குதான்" என்பது புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கும் பதில். பாக்கு சாதுவானது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. பாக்கையே, புகையிலை இல்லாவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த தடையோ புகையிலை அல்லது நிகோடின் கலந்த பொருட்களுக்கானது. எனவே நோயாளியிடம் "புகையிலை உண்டா?" என்று மட்டும் கேட்பது போதாது. பாக்கு, சீவல், பான் மசாலா, மாவா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, வாயின் எந்தப் பக்கம் அடக்கி வைக்கிறார், இரவில் வாயில் வைத்தபடியே தூங்குகிறாரா என்பதுவரை விசாரிக்க வேண்டும்.

முதல் அறிகுறி எரிச்சல். ரசமும் ஊறுகாயும் பட்டாலே வாய் எரியும். சிறு கொப்புளங்கள் வந்து புண்ணாகும். பலர் இதை வயிற்றுப்புண் என்றோ பி-காம்ப்ளக்ஸ் குறைவு என்றோ எண்ணி மாத்திரை வாங்கிப் போட்டுக் காலம் கடத்துகிறார்கள். அடுத்து சவ்வு வெளுத்து, பளிங்குபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். கையுறை அணிந்த விரலைக் கன்னத்தின் உட்புறம் வைத்து அழுத்தினால் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகள் தட்டுப்படும். உள்நாக்கு சுருங்கி ஒரு பக்கம் வளையும். நாக்கை நீட்டவோ, கன்னத்தை உப்பவோ, விசில் அடிக்கவோ இயலாது. முழு பானிபூரி இப்போது வாய்க்குள் போவதில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞரிடம் நோய் ஏற்கெனவே முற்றத் தொடங்கியிருக்கும்.

மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்து ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைப்பது அவசியம். பெரியவர்களுக்கு இது வழக்கமாக 35 மி.மீ.க்கு மேல் இருக்கும், 15 மி.மீ.க்குக் கீழே போனால் கடுமையான நிலை. கடைவாய் ஞானப்பல் சீழ், தாடை மூட்டுக் கோளாறு, டெட்டனஸ், ஸ்க்லீரோடெர்மா ஆகியவற்றாலும் வாய் திறக்காமல் போகலாம் என்பதால் அவற்றை விலக்கிப் பார்க்க வேண்டும். நோயைக் கண்டறியப் பெரும்பாலும் கண்ணும் விரலும் போதும். திசுப் பரிசோதனையின் முக்கியப் பயன், செல்களில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்று அறிவது. வெள்ளைத் திட்டோ, சிவந்த பகுதியோ, ஆறாத புண்ணோ இருந்தால் இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சையில் முதல் படி பாக்கை அறவே நிறுத்துவது. அரிக்கோலின் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்குவதால் அறிவுரை மட்டும் உதவாது. தொடர் ஆலோசனை வேண்டும். நிறுத்தினால் எரிச்சல் தணியும், நோயின் வேகம் குறையும். ஆனால் உருவாகிவிட்ட நார்த்திசு தானாகக் கரைவதில்லை. இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து தரப்படும்; லைகோபீன் போன்றவையும் துணை மருந்தாகப் பயன்படுகின்றன. நடுத்தர நிலையில் ஸ்டீராய்டும் ஹயலுரோனிடேசும் ஊசிவழி சவ்வுக்குள் செலுத்தப்படுகின்றன. இத்துடன் தட்டையான மரக்குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, எண்ணிக்கையை மெல்லக் கூட்டும் வாய் திறப்புப் பயிற்சியை நோயாளி வீட்டில் தினமும் செய்ய வேண்டும். முற்றிய நிலையில் பட்டைகளை வெட்டி, அவ்விடத்தைக் கன்னக் கொழுப்பாலோ மூக்கோரத் தோலாலோ மூடும் அறுவை செய்யப்படும். அதற்கு மயக்க மருந்து தருவதே சவால்: வாய்வழி குழாய் இறங்காது, வளையும் கருவி கொண்டு மூக்கு வழியாகச் செலுத்த நேரும். அறுவைக்குப் பின் பயிற்சியைக் கைவிட்டால் வாய் மறுபடி இறுகிவிடும்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் ஐவருக்கு, அதாவது 7.6 விழுக்காட்டினருக்கு, வாய்ப் புற்று வந்தது. எனவே வாய் நன்றாகத் திறக்கத் தொடங்கிய பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தொடர வேண்டும். இரண்டு வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணிலிருந்தும் திசு எடுத்துப் பார்ப்பதே நடைமுறை.